ஸ்கைப்புக்கு முன்னால் இருந்த அந்த ஒரு வரி

போன டிசம்பர் லீவில் அண்ணனுடைய பழைய லெப்டொப்பைத் திறந்தேன். பெட்டரி எப்பவோ செத்துவிட்டது. சார்ஜர் குத்தியிருந்தால் மட்டும் வேலை செய்யும். அம்மாயியின் படம் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று தேடினேன். படம் எதுவும் இல்லை. டெஸ்க்டொப்பில் "அம்மாயி கோல்" என்று பெயர் வைத்த ஒரு சின்ன ஃபைல் மட்டும் கிடந்தது. உள்ளே ஒரே ஒரு வரி. ஆங்கில எழுத்தும் சாய்கோடும் கலந்த அந்த வரியைத் தமிழில் வாசித்தால் ஏறக்குறைய இப்படி வரும்: "எல்டி பிரீலோட் சமன் யூஎஸ்ஆர் / லிப் / ஐ386 லினக்ஸ் ஜிஎன்யூ / லிப்வி4எல் / வி4எல்1கம்பாட், ஸ்கைப்."

அண்ணனிடம் காட்டினேன். சிரித்தான். "அது இல்லாட்டி கூடலூர்க்காரங்களுக்கு நம்ம அம்மாயி மொகம் தெரிஞ்சிருக்காது" என்றான்.

"அர்த்தம் என்னா?"

"யாருக்குத் தெரியும். எங்கயோ பாத்து அடிச்சேன். வேல செஞ்சிச்சி."

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறேன். கொம்பியூட்டர் என் பாடம் இல்லை. ஆனால் ஒரு பழைய கல்வெட்டோ, தோட்டத்துச் செக்ரோல் புத்தகமோ கையில் கிடைத்தால் என்ன கேட்கச் சொல்லித் தருகிறார்களோ, அதையே இந்த வரியிடமும் கேட்கலாம்தானே? யார் எழுதினது, எந்தக் காலத்தில், யாருக்காக, அதற்கு என்ன தேவை வந்தது? இந்தக் கட்டுரை அந்த விசாரிப்புத்தான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

அது 2013. எனக்குப் பத்து வயசு. அம்மாயியின் தங்கச்சியும் புருசனும் பிள்ளைகளும் 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போய், அங்கிருந்து நீலகிரியில் கூடலூருக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தங்கச்சி வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, அம்மாயி வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. அதற்குப் பிறகு கடிதம் மட்டும்தான். அக்காவும் தங்கச்சியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து நாற்பது வருசத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது.

தங்கச்சியின் பேரன் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் கொம்பியூட்டர் இருந்தது. இங்கே அண்ணன் ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்து, செகண்ட்ஹேண்டில் ஒரு லெப்டொப் வாங்கியிருந்தான். அதில் விண்டோஸ் அடிக்கடி படுத்துவிட்டதால் உபுண்டு 12.04 போட்டிருந்தான். அந்த லெப்டொப்பில் கெமரா கிடையாது. யாரோ கொழும்புக்குப் போனபோது வாங்கிவந்த, பந்து மாதிரி உருண்டையான ஒரு மலிவு வெப்கெம்தான் இருந்தது. லயத்து இஸ்தோப்பில் ஸ்டூல் போட்டு, டொங்கிளைக் கூரைப்பக்கம் தூக்கிக் கட்டி, அம்மாயிக்குக் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி உட்கார வைத்தோம்.

குரல் வந்தது. கூடலூர்க்காரர்களின் முகமும் வந்தது. அம்மாயியின் முகம் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. "அங்க கறுப்பாத்தான் தெரியுதாம்" என்று அண்ணன் சொன்னான். அம்மாயி மெதுவாகக் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு: "அவளுக்கு என்னையத் தெரியலையாமா?"

அடுத்த ஞாயிறு அண்ணன் அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்தான். கெமராவில் சின்ன லைட் எரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, தலையெல்லாம் நரச்சிப் போச்சே" என்று சத்தம் வந்தது.

இடையில் இருந்த ஒரு கிழமையில் மாறியது அந்த ஒரு வரி மட்டும்தான்.

வரி என்ன சொல்கிறது?

கடைசிச் சொல் ஸ்கைப். அது தெரிந்ததுதான். முதல் சொல், "எல்டி பிரீலோட்", கொஞ்சம் விளக்கம் கேட்கும். லினக்ஸில் ஒரு புரோகிராம் தொடங்கும்போது தனக்குத் தேவையான பொதுவான வேலைகளுக்கு லைப்ரரி என்கிற வேறு ஃபைல்களைக் கூப்பிடும். "ஃபைலைத் திற", "கருவியிடம் இதைக் கேள்" மாதிரி வேலைகள் இவை. எல்டி பிரீலோட் என்று எழுதினால், "மற்ற எல்லாருக்கும் முன்னால் இவரை உள்ளே விடு" என்று அர்த்தம். அப்படி முன்னால் உட்கார்ந்த லைப்ரரி, ஸ்கைப் கெமராவைக் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் தான் வாங்கி, மொழிபெயர்த்து, பதிலையும் மொழிபெயர்த்துக் கொடுக்கும். தான் பேசுவது கெமராவோடு இல்லை, ஒரு மொழிபெயர்ப்பாளரோடு என்பது ஸ்கைப்புக்குத் தெரியவே தெரியாது.

நடுவில் இருக்கும் "வி4எல்1கம்பாட்" தான் அந்த மொழிபெயர்ப்பாளர். வி4எல் என்றால் வீடியோ ஃபார் லினக்ஸ். ஒன்று என்றால் முதலாவது பதிப்பு. கம்பாட் என்றால் ஒத்துப்போக வைப்பது. ஆக, வரியின் பொருள் இதுதான்: "பழைய மொழி பேசுகிற ஸ்கைப்பைத் தொடங்கு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வை."

இப்ப கேள்வி: ஏன் மொழி மாறியது? மாறினபோது ஏன் ஒருத்தர் மெனக்கெட்டு மொழிபெயர்ப்பாளரைச் செய்தார்?

கோப்பிச் சாடியும் டிவி கார்டும்

உலகத்தின் முதல் வெப்கெம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கோப்பிச் சாடியை. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில், கோப்பி தீர்ந்துபோனது தெரியாமல் மாடியிலிருந்து இறங்கி வந்து ஏமாறக்கூடாது என்பதற்காக, குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசரும் போல் ஜார்டெட்ஸ்கியும் ஒரு கெமராவைச் சாடிக்கு நேரே வைத்தார்கள். 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை. 1993இல் அது இணையத்தில் ஏறியது. 2001 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். தேயிலைக்கு முன்னால் கோப்பி விளைந்த மலையில் பிறந்த எனக்கு இந்தக் கதை தனியாகப் பிடிக்கும். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கெமரா ஒரு பொதுவான கெமரா இல்லை. அந்தக் கொம்பியூட்டரில் இருந்த தனியான ஒரு கார்டு வழியாக, அதற்கென்றே எழுதின புரோகிராமில் மட்டும் வேலை செய்தது. அந்தக் காலத்தில் எல்லாமே அப்படித்தான்.

லினக்ஸில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு பொது மொழி வேண்டும் என்று 1990களின் பிற்பகுதியில் அலன் கொக்ஸ் கொண்டுவந்ததுதான் வீடியோ ஃபார் லினக்ஸ். 1999 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.2 கேர்னலில் அது இருந்தது. அன்றைக்குக் கொம்பியூட்டரில் வீடியோ என்றால் பெரும்பாலும் டிவி கார்டுதான். அதனால் அந்த மொழியும் டிவியைப் பற்றித்தான் யோசித்தது: எந்த சேனல், எந்த அலைவரிசை, பிரகாசம் எவ்வளவு. யூஎஸ்பி வயரில் தொங்குகிற, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் படத்தைச் சுருக்கி அனுப்புகிற கெமராக்கள் மழைக்கால ஈசல் மாதிரி வரும் என்று அந்த மொழிக்குத் தெரியாது.

அதன் குறைகளைச் சரிசெய்ய பில் டர்க்ஸ் இரண்டாவது பதிப்பைத் தொடங்கினார். வி4எல்2 என்கிற அது 2002இல் வளர்ச்சிக் கேர்னலுக்குள்ளும், 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கேர்னலோடு எல்லாருடைய கைக்கும் வந்தது. இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. பழைய மொழியில் எழுதின புரோகிராமுக்குப் புதிய மொழி புரியாது. அதனால் பல வருசம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

ஏன் ஒவ்வொரு கெமராவும் ஒரு ரகசியம்?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பழைய யூஎஸ்பி 1.1 வயரில் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 12 மெகாபிட் போகும். 320க்கு 240 புள்ளி அளவுள்ள சின்னப் படம், ஒரு புள்ளிக்கு ஒன்றரை பைட், விநாடிக்கு 15 படம் என்று வைத்தால் ஏறக்குறைய 13.8 மெகாபிட் வரும். வயருக்குள் கொள்ளாது. அதனால் கெமராவே படத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டும், இந்தப் பக்கம் கொம்பியூட்டர் அதை விரிக்க வேண்டும். எப்படிச் சுருக்கினோம் என்பதை ஒவ்வொரு கம்பனியும் தன் ரகசியமாக வைத்துக்கொண்டது. கெமராவோடு வந்த சிடியில் விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் இருக்கும். லினக்ஸ்காரனுக்கு ஒன்றும் இல்லை.

இந்த ரகசியத்தால் வந்த பெரிய சண்டை 2004 ஆகஸ்டில் நடந்தது. பிலிப்ஸ் கெமராக்களுக்கு ஒரு டிரைவர் இருந்தது. நெமோசொஃப்ட் என்ற புனைபெயரில் ஒருவர் அதை எழுதி வந்தார். அவர் பிலிப்ஸோடு ரகசிய ஒப்பந்தம் செய்திருந்ததால், படத்தை விரிக்கிற பகுதியைத் திறந்து காட்ட முடியாது. ஆகவே டிரைவரின் பாதி எல்லாரும் வாசிக்கக்கூடிய நிரலாகக் கேர்னலுக்குள்ளே இருந்தது. மீதிப் பாதி மூடின பெட்டியாக வெளியே இருந்தது. மூடின பெட்டிக்காக மட்டும் கேர்னலில் ஒரு கொக்கி வைத்திருப்பது சரியில்லை என்று, யூஎஸ்பி பகுதிக்குப் பொறுப்பாக இருந்த கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தக் கொக்கியைக் கழற்றினார். நெமோசொஃப்ட் கோபித்துக்கொண்டு, அப்படியென்றால் என் டிரைவரையே எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தார்கள். அந்தக் கெமரா வைத்திருந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பிறகு லூக் சைலார்ட் என்பவர் மூடின பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துத் திறந்த நிரலாக எழுத, டிரைவர் திரும்பி வந்தது.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம்? நெமோசொஃப்டின் வருசக்கணக்கான உழைப்பை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கு. ஆனால் ரகசியத்தின் மேல் கட்டின வீடு அந்த ரகசியக்காரன் இருக்கும்வரைதான் நிற்கும் என்பதும் உண்மை.

இன்னொருவர் சண்டையே போடாமல் வேலை செய்தார். பிரான்சைச் சேர்ந்த மிஷேல் ஸாஹார்ட், தொழிலால் மருத்துவர். ஓய்வு நேரத்தில் மலிவு வெப்கெம்களுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதினார். ஒன்று இரண்டு இல்லை, 200க்கும் மேல். கம்பனிகள் கைவிட்ட, பெயர் தெரியாத, பந்து மாதிரி உருண்டையான கெமராக்கள் எல்லாம் அவருடைய ஜிஸ்பிசிஏ டிரைவரில் உயிர் பெற்றன. அண்ணனுடைய கெமராவுக்குள் இருந்த சில்லு தாய்வானின் பிக்ஸ்ஆர்ட் கம்பனியுடைய 207. அதுவும் ஜிஸ்பிசிஏ குடும்பத்து டிரைவரில்தான் ஓடுகிறது. இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு எங்கேயோ ஒரு டாக்டர் இருந்தார், எங்களுக்குத்தான் தெரியாது.

மொழிபெயர்ப்பாளர் வருகிறார்

2008இல் ஜிஸ்பிசிஏ அதிகாரபூர்வமான கேர்னலுக்குள் 2.6.27 பதிப்பில் வந்தது. ழான்-பிரான்சுவா மொய்ன் அதை வி4எல்2 மொழிக்கு மாற்றினார். அப்ப ஒரு புதுச் சிக்கல். பழைய ஜிஸ்பிசிஏ, சுருக்கின படத்தைக் கேர்னலுக்குள்ளேயே விரித்துக் கொடுத்துவிடும். கேர்னல்காரர்களின் விதி அதை அனுமதிக்காது. கேர்னல் கருவியிடமிருந்து வாங்கினதை அப்படியே கொடுக்க வேண்டும், படத்தை விரிக்கிற வேலை வெளியே இருக்கிற புரோகிராம்களுடையது என்பது விதி. விதி சரிதான். ஆனால் வெளியே இருக்கிற புரோகிராம்களுக்கு அந்த நூற்றுக்கணக்கான ரகசியச் சுருக்கங்களில் ஒன்றுகூடத் தெரியாதே?

நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் டி குடே அந்த வருசம் எழுதின லிப்வி4எல் இந்த இடத்தில்தான் வருகிறது. அது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, விசித்திரமான சுருக்கங்களை எல்லாருக்கும் புரிகிற வடிவத்துக்கு மாற்றும். இரண்டு, முதல் பதிப்பு மொழியில் கேட்கிற புரோகிராம்களுக்கு இரண்டாம் பதிப்பு மொழியில் மொழிபெயர்த்துக் கொடுக்கும். திறந்த நிரலாக இருக்கிற புரோகிராம்களை அதை எழுதினவர்களே இந்த லைப்ரரியோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்கைப் மாதிரி மூடின பெட்டிகளை யாரும் திறந்து திருத்த முடியாது. அவற்றுக்காகத்தான் அந்த பிரீலோட் வழி.

அந்த லைப்ரரிக்குள் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு பட்டியல். சில லெப்டொப்களில் கம்பனிக்காரர்கள் கெமராவைத் தலைகீழாகப் பொருத்திவிட்டார்கள். விண்டோஸ் டிரைவர் அதைத் திருப்பிக் காட்டிவிடும். லினக்ஸில் ஆள் தலைகீழாகத் தொங்குவார். லிப்வி4எல்லுக்குள் "இந்த மொடல், இந்தக் கெமரா, திருப்பிக் காட்டு" என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்த பட்டியல் இருக்கிறது. பொதுவிதி எதுவும் இல்லை. யாரோ ஒருத்தர் தன் படம் தலைகீழாக வருகிறது என்று எழுதினார், இன்னொருத்தர் அந்த மொடலைச் சேர்த்தார், அவ்வளவுதான்.

2008 நவம்பரில் வந்த ஃபெடோரா 10 இந்த லைப்ரரியை முன்னுக்குக் கொண்டுவந்தது. பிறகு மற்ற லினக்ஸ் தொகுப்புகளிலும் பரவியது. உபுண்டு வழியாக அண்ணனுடைய லெப்டொப்புக்கும் வந்தது.

விதி மாறிய நாள்

முதல் பதிப்பை எப்ப நீக்குவது என்று கேர்னல்காரர்கள் பல தடவை தேதி குறித்தார்கள், பல தடவை தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 2011 மார்ச்சில் வந்த 2.6.38 கேர்னலில் அது போய்விட்டது. அண்ணனின் உபுண்டு 12.04 அதற்குப் பிறகு வந்தது. ஆகவே முதல் ஞாயிறு என்ன நடந்தது என்று இப்ப சொல்ல முடிகிறது. கெமரா நல்லாயிருந்தது. டிரைவர் இருந்தது. கேர்னல் கெமராவை அடையாளம் கண்டுவிட்டது. ஆனால் கெமரா அனுப்பினது ஸ்கைப்புக்குத் தெரிந்த வடிவம் இல்லை, பழைய வழியில் கேட்டால் பதில் சொல்லவும் கேர்னலில் ஆள் இல்லை. மூன்றும் சரியாக இருந்தும் படம் வரவில்லை.

அடுத்த வருசம், 2012 டிசம்பரில், இதே வெப்கெம் பகுதியில் இன்னொரு சம்பவம். யூஎஸ்பி கெமரா டிரைவரில் செய்த ஒரு சின்ன மாற்றம், ஒரு இடத்தில் வேறொரு பிழை எண்ணைத் திருப்பி அனுப்பியது. அதனால் சில புரோகிராம்கள் உடைந்தன. பொறுப்பாளர் மவ்ரோ கர்வால்யோ செஹாப் பிழை அந்தப் புரோகிராமில்தான் என்றார். லினஸ் டோர்வால்ட்ஸ் எரிந்து விழுந்து ஒரு மடல் எழுதினார். அந்த மடல் இன்றைக்கும் பிரபலம். சாரம் இதுதான்: நம்முடைய மாற்றத்தால் ஒருத்தரின் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் நின்றால், பிழை நம்முடையது, பயனரைக் குற்றம் சொல்லாதே. மாற்றத்தைத் திரும்ப எடுத்தார்கள். அந்த மடலின் தொனி மோசமானது. இந்த மாதிரித் தொனிக்காக 2018இல் அவரே பொதுவில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் விதி மட்டும் நல்ல விதி.

அப்படியென்றால் 2011இல் முதல் பதிப்பை நீக்கினது அந்த விதியை மீறினது இல்லையா? ஒரு வகையில் மீறினதுதான். வித்தியாசம் என்னவென்றால், வருசக்கணக்கில் முன்னறிவித்தல் இருந்தது. அதைவிட முக்கியமாக, பழைய விதியின் கீழ் இருந்தவர்கள் கடந்து வர ஒரு மொழிபெயர்ப்பாளர் மூன்று வருசத்துக்கு முன்னாலேயே தயாராக உட்கார்ந்திருந்தார்.

உங்கள் கெமரா வேலை செய்யாவிட்டால்

இதை வாசிக்கிற யாராவது ஒரு பழைய லெப்டொப்பில் லினக்ஸ் போட்டு இப்ப இதே பிரச்சினையில் இருக்கலாம். பிழைச் செய்திகள் சிடுசிடுத்தாலும், ஒவ்வொன்றும் எந்தப் படியில் சறுக்கியது என்று சொல்கிறது. வரிசையாகப் பார்த்தால் போதும்.

முதலில் யூஎஸ்பி பட்டியலில் கெமரா தெரிகிறதா? ஒவ்வொரு கெமராவுக்கும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று இரண்டு உண்டு. அது பட்டியலிலேயே இல்லையென்றால் வயரோ கெமராவோதான் பிரச்சினை. பட்டியலில் இருந்தும் "அப்படியொரு ஃபைல் இல்லை" என்று வந்தால், டிரைவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. "அனுமதி இல்லை" என்றால் உங்கள் பயனர் பெயர் வீடியோ குழுவில் இருக்கிறதா பாருங்கள். "கருவி வேலையாக இருக்கிறது" என்றால் வேறொரு புரோகிராம் கெமராவைப் பிடித்து வைத்திருக்கிறது. "தவறான மதிப்பு" என்று வந்தால் புரோகிராம் கேட்கிற பட வடிவத்தைக் கெமரா தராது என்று சந்தேகப்படலாம். அண்ணனுக்கு நடந்ததும் இந்த வகைதான்.

எல்லாரையும் குழப்புவது "கருவியில் இடம் இல்லை" என்ற செய்தி. ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று படங்களை அழிப்பவர்கள் உண்டு. அழிக்காதீர்கள். அது யூஎஸ்பி வயரில் இடம் இல்லை என்று அர்த்தம். சுருக்காத 640க்கு 480 படம், விநாடிக்கு 30 வீதம், ஏறக்குறைய 147 மெகாபிட் எடுக்கும். ஒரே இணைப்பில் இரண்டு மூன்று கெமரா குத்தினால் யூஎஸ்பி 2.0கூடத் திணறும். படத்தின் அளவைக் குறையுங்கள், அல்லது வேறு துளையில் குத்திப் பாருங்கள்.

இன்னொன்று. 2018இல் வந்த 4.16 கேர்னலுக்குப் பிறகு ஒரே கெமராவுக்கு வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு பெயர் தெரியும். இரண்டாவதில் படம் வராது, படத்தைப் பற்றிய தகவல் மட்டும்தான் வரும். அதைத் திறந்துவிட்டு கெமரா செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்றைக்குப் பெரும்பாலான புதுக் கெமராக்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 2003இல் யூஎஸ்பி கெமராக்களுக்கென்று யூவிசி என்ற பொது விதி வந்தது. அதற்கான டிரைவரை லோரான் பின்ஷார் எழுத, 2008இல் கேர்னலுக்குள் சேர்ந்தது. அந்த விதிப்படி செய்த எந்தக் கெமராவையும் குத்தினால் வேலை செய்யும். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடி வகுப்பெல்லாம் திரைக்கு வந்தபோது, லினக்ஸ் போட்ட பழைய மெஷின்களிலும் கெமரா குத்தினதும் வந்ததற்கு இதுதான் காரணம்.

எங்களுக்கு யார் மொழிபெயர்த்தார்கள்?

இவ்வளவையும் தேடி வாசித்த பிறகும் மனசு அந்த இஸ்தோப்புக்கே திரும்பிப் போகுது. "அவளுக்கு என்னையத் தெரியலையாமா?" என்று அம்மாயி கேட்டாரே, அந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை இருக்கு.

1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, அப்பாவும், இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பூட்டனுக்கு யார் பிறப்புப் பத்திரம் எழுதினார்கள்? நேற்று வரை செல்லுபடியான ஆட்கள் ஒரே சட்டத்தில் அடையாளம் தெரியாதவர்களானார்கள். 1964 அக்டோபர் 30இல் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பிரித்தன: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்ப்போம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அம்மாயியும் தங்கச்சியும் அந்தக் கணக்கின் இரண்டு பக்கத்தில் விழுந்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கிற சட்டம் வந்தது 2003இல். முதல் சட்டத்திலிருந்து எண்ணினால் 55 வருசம்.

மனுசரையும் மென்பொருளையும் ஒப்பிடக்கூடாதுதான். ஒரு புரோகிராமுக்கு வலிக்காது, அது கப்பலேறி அழாது. ஆனால் ஒரு விசயத்தை நான் இந்த வரியிலிருந்துதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். விதிகள் மாறும். மாறத்தான் வேண்டும், முதல் பதிப்பு உண்மையிலேயே போதாமல்தான் போனது. விதியை மாற்றுகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழைய விதியின் கீழ் வாழ்ந்தவர்கள் இந்தப் பக்கம் வர என்ன வழி வைத்தீர்கள்? ஒரு கெமரா நிரலுக்காகச் சம்பளமில்லாத ஆட்கள் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலையும் எழுதி வைத்தார்கள். பத்து இலட்சத்துக்குக் கிட்ட வந்த மனுசருக்காக அன்றைக்குப் பார்லிமென்டில் இருந்த பெரும்பான்மை அதைக் கேட்கவில்லை.

அந்த வழியும் தானாக வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லைப்ரரி உபுண்டுவில் இருந்தது. ஆனால் ஹட்டன் பக்கத்து லயத்தில் யாரோ ஒருத்தன் ஒரு கிழமை நித்திரை முழித்துத் தேடி, அந்த ஒரு வரியை அடிக்க வேண்டியிருந்தது. சட்டத்திலும் அப்படித்தான். ஃபோரம் நிரப்பிக் கொடுத்த, கச்சேரிக்குக் கூட்டிப் போன, பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்ன ஆட்கள் எங்கள் தோட்டங்களில் எப்பவும் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஸ்கைப்பை 2025 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். அந்த ஃபைலை இப்ப டபுள் கிளிக் செய்தால் கூப்பிடுவதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அம்மாயியும் இல்லை, கூடலூரில் சின்ன அம்மாயியும் இல்லை. ஃபைலை நான் அழிக்கவில்லை. ஒரு கொப்பி எடுத்து என் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். அண்ணன் கேட்டான், "இத வச்சி என்னா செய்யப் போற?"

"ஒண்ணுமில்ல. எழுதப் போறேன்" என்றேன்.